முடிவுத் தேதி குறித்த கல்வி: விழுப்புரம் கடற்கரையை முன்வைத்து

இந்தியாவில் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை. அரசமைப்பின் 21ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதை உறுதி செய்கின்றன. பதினான்கு வயதைத் தாண்டியும் எழுதப் படிக்கத் தெரியாமல் போனவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 'எனக்கு எழுத்தறிவு தா' என்று அவர் நீதிமன்றப் படியேற முடியாது. அவருக்கு இருப்பதெல்லாம் திட்டங்கள். திட்டம் என்றால் அதற்கு ஒரு தொடக்கத் தேதி உண்டு, ஒரு முடிவுத் தேதியும் உண்டு. அந்த இரண்டாவது தேதி வயது வந்த மாணவருக்கு என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2018 மார்ச் 31 அத்தகைய ஒரு தேதி. தமிழகத்தில் 'கற்கும் பாரதம்' என்று அழைக்கப்பட்ட சாக்ஷர் பாரத் திட்டம் அன்றோடு முடிந்தது. நாடு முழுவதும் ஊராட்சிகளில் இயங்கிய வயது வந்தோர் கல்வி மையங்களுக்கு நிதி நின்றது. அந்த மையங்களை நடத்திய ஊக்குநர்கள் வேலையிழந்தார்கள். பல மாநிலங்களில் நிலுவை மதிப்பூதியத்தைக் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்று மூடப்பட்டால் பெற்றோர் சாலைக்கு வருவார்கள். கல்வி மையம் மூடப்பட்டபோது அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் சாலைக்கு வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்பதை ஊரறியச் சொல்லிக்கொண்டு எவரும் ஊர்வலம் போவதில்லை.

ஒரு கடற்கரை, ஒரு மாவட்டம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பத்தையும் முதலியார்சாவடிகளையும் தாண்டி வருகிற மீனவ ஊர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. கல்விக்கு அந்நியமான மண் அல்ல இது. ஊரின் பெயரைத் தாங்கிய பொம்மபுர ஆதீனம் மயிலத்தில் நெடுங்காலமாகத் தமிழ்க் கல்லூரி நடத்திவருகிறது. சற்று மேற்கே, 1968இல் தொடங்கும்போதே வாழ்நாள் முழுதும் கற்பதைத் தன் சாசனத்தில் எழுதிக்கொண்ட ஆரோவில் இருக்கிறது. தெற்கே புதுச்சேரியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை.

ஆனாலும் இந்த மாவட்டம் எழுத்தறிவில் மாநிலத்தின் பின்வரிசையில்தான் இருந்துவந்திருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து உருவான விழுப்புரம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 72 விழுக்காடு எழுத்தறிவு பெற்றிருந்தது. மாநிலத்தின் அளவு சுமார் 80. பெண்களை மட்டும் எடுத்தால் மாவட்டத்தில் அது 63 விழுக்காடு அளவில்தான். கள்ளக்குறிச்சி அப்போது இம்மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. கற்கும் பாரதம் திட்டத்துக்கு நாடு முழுவதும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது வைத்த அளவுகோல், 2001 கணக்கெடுப்பின்படி வயது வந்த பெண்களில் பாதிப்பேர் அல்லது அதற்கும் குறைவானவர்களே எழுத்தறிவு பெற்றிருக்க வேண்டும் என்பது. தமிழகத்தில் தேர்வான ஒன்பது மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று.

இந்தக் கடற்கரையில் எழுத்து எதற்குத் தேவைப்படுகிறது? 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தேங்கியது. வடக்கே இருக்கும் ஊர்களின் கரையைக் கடல் அரித்தது. கோட்டக்குப்பம் தொடங்கி பொம்மையார்பாளையம், அதற்கு அப்பால் வரைக்கும் வீடுகளும் வலை காயப்போடும் மணல்வெளியும் போயின. தூண்டில் வளைவு கேட்டு இந்த ஊர் மக்கள் பலமுறை மனு கொடுத்திருக்கிறார்கள். மனு எழுதத் தெரிய வேண்டும். அதைவிட, மனுவுக்கு வந்த பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். எந்தத் துறை, எந்த நிதியாண்டு, எத்தனை மீட்டர் நீளம் என்று அந்தத் தாளில் இருப்பதைப் பிறர் வாசித்துச் சொல்லித்தான் ஒருவர் அறிகிறார் என்றால், தன் கரையைப் பற்றிய பேச்சிலேயே அவர் இரண்டாம் ஆளாகிவிடுகிறார்.

மீன் விற்கும் பெண்களின் தேவை இன்னும் அன்றாடமானது. ஏலத்தில் கூடை மீனை எடுத்து, வாங்கிய விலை, ஆட்டோ வாடகை, ஐஸ் செலவு எல்லாம் கழித்து மிச்சம் என்னவென்று நொடியில் மனக்கணக்காகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு தாளில் ஏறும்போதுதான் கைநழுவுகிறது. மகளிர் குழுக் கடனின் தவணை அட்டை, வங்கிப் பாஸ்புக், கைப்பேசியில் வரும் ரகசிய எண், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான விண்ணப்பம், அரசு மருத்துவமனைச் சீட்டு எல்லாமே எழுத்தாக வருகின்றன. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக்கூட முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நலத்திட்டங்கள் பெருகப் பெருக எழுத்தின் தேவை கூடுகிறது. அந்த எழுத்தைக் கற்பிக்கும் செலவு மட்டும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

தொடங்குவதும் நிறுத்துவதும்

1978 அக்டோபர் 2 அன்று ஜனதா அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 வயதுக்குட்பட்ட 10 கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எழுத்தறிவு பெறச் செய்வது இலக்கு. 1980இல் ஆட்சி மாறியது, திட்டம் வேகமிழந்தது. 1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழகத்திலும் புதுச்சேரியிலும் அறிவொளி இயக்கமாக வந்தது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் பெண்களின் கைக்கு வந்தது. தெருமுனை நாடகமும் பாட்டுமாக ஊர்ஊராகப் போன அந்த நாட்களை இன்றைக்கும் நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு.

அறிவொளியின் வெற்றியிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. எழுத்தறிவு இயக்கங்களை மதிப்பிட அருண் கோஷ் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 1994இல் அறிக்கை தந்தது. இயக்கத்தின் முதல் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே விழும் இடைவெளியில், கற்றவர்கள் கற்றதை இழந்துவிடும் ஆபத்தை அது கவனப்படுத்தியது. ஆறு மாதத்தில் ஒருவர் தன் பெயரையும் பேருந்துப் பலகையையும் படிக்கத் தொடங்கலாம். அதற்குப் பிறகு படிக்க ஒன்றும் கிடைக்காமல், கேட்க ஆளும் இல்லாமல் இரண்டாண்டு போனால் எழுத்து மறந்துபோகும். அதைத் தடுக்கத்தான் தமிழகத்தில் வளர்கல்வி மையங்கள் வந்தன. 2009இல் அவற்றின் இடத்தில் கற்கும் பாரதம் வந்தது. 2018இல் அதுவும் போயிற்று.

அடுத்த திட்டம் வர இரண்டரை ஆண்டுகள் ஆயின. 2020 இறுதியில், கொரோனாவுக்கு நடுவே, 'கற்போம் எழுதுவோம்' இயக்கம் தமிழகத்தில் தொடங்கியது. 2022 முதல் 2027 வரைக்கும் என்று குறிக்கப்பட்டு, இன்றைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. 1978இலிருந்து பார்த்தால், ஒரு தலைமுறைப் பெண் இளமையிலிருந்து முதுமைக்குப் போகும் காலத்துக்குள் ஐந்து முறை பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பயிற்சி பெற்றவர்கள் கலைந்தார்கள், நூல்கள் மூட்டையாகிப் போயின, ஆளைத் தேடிப் பெயர் எழுதும் வேலை முதலிலிருந்து தொடங்கியது.

தலைக்கு எவ்வளவு?

'நிதிக் குறைப்பு' என்ற சொல் அரசு ஆவணங்களில் அரிதாகவே வரும். பழைய திட்டம் நிறைவுற்றது, புதிய திட்டம் அறிமுகமாகிறது என்றுதான் எழுதுவார்கள். ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

2009இல் கற்கும் பாரதத்துக்கு அனுமதிக்கப்பட்ட தொகை 6,502.70 கோடி ரூபாய். இலக்கு 7 கோடிப் பேர். அவர்களில் 6 கோடிப் பேர் பெண்கள். தலைக்கு ஏறத்தாழ 929 ரூபாய். 2020இன் திட்டத்துக்கு நாடு முழுமைக்கும் 142.61 கோடி, இலக்கு 57 லட்சம் பேர், தலைக்கு 250 ரூபாய். இன்றைய திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 1,037.90 கோடி, அதில் ஒன்றிய அரசின் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு 337.90 கோடி. இலக்கு ஆண்டுக்கு ஒரு கோடியாக 5 கோடிப் பேர். தலைக்கு 208 ரூபாய். 2025-26இல் தமிழகத்தில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். ஒருவருக்கு எழுத்தறிவு தர ஒதுக்கியிருப்பது அதைவிடக் குறைவு.

அனுமதித்த தொகை வேறு, ஊருக்கு வந்து செலவான தொகை வேறு என்பதையும், கற்கும் பாரதம் குறித்த காலத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அப்படியும் ஒதுக்கீட்டின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. 2009க்கும் 2022க்கும் இடையே விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறியது. அதையும் சேர்த்துப் பார்த்தால் கற்பவர் ஒருவருக்கான ஒதுக்கீடு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. கற்பிக்கும் நேரமும் சுருங்கியது: அன்று அடிப்படை எழுத்தறிவுக்கு 300 மணி நேரம், இன்று 200 மணி நேரம்.

இந்தப் பணம் எங்கே குறைந்தது என்பது அதைவிட முக்கியம். கற்கும் பாரதத்திலும் பாடம் சொல்லித்தந்தவர்கள் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள்தான். ஆனால் ஊராட்சிக்கு ஒரு மையம், மையத்துக்கு இரண்டு ஊக்குநர்கள், ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் என்ற ஏற்பாடு இருந்தது. 2,000 ரூபாய் நியாயமான ஊதியமே அல்ல. அதுவும் பல இடங்களில் மாதக்கணக்கில் வராமல் கிடந்தது. இருந்தாலும், இன்னார்தான் இதற்குப் பொறுப்பு என்று ஊரில் ஒருவரைக் காட்ட முடிந்தது. வகுப்புக்கு வராதவரை வீட்டில் போய்ப் பார்ப்பது, தன்னார்வலர் திருமணமாகிப் போனால் வேறொருவரைத் தேடுவது, நாளிதழ் வரவழைப்பது, தேர்வுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. இன்றைய திட்டத்தில் அந்த இடம் வெறுமையாகிவிட்டது. பள்ளித் தலைமையாசிரியரின் பல பொறுப்புகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்தது. பெயர்ப் பதிவு கைப்பேசிச் செயலிக்குப் போனது.

குழந்தைகளுக்கு வேறு நீதி கிடைத்திருக்கிறது என்பதற்கு இதே மாவட்டத்தில் சான்று உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்த இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். பொம்மையார்பாளையம் இருக்கும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே. மாலை நேரத்தில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. தன்னார்வலரும் சாப்பிட வேண்டும், அவருடைய நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்று அரசு அங்கே ஏற்றுக்கொண்டது. அந்தக் குழந்தையின் தாய்க்குக் கற்பிப்பவர் மட்டும் ஏன் வெறுங்கையோடு வர வேண்டும்?

குரல் உள்ளவர்க்கு மீண்டது

முடிவுத் தேதியால் மாணவர்கள் அடிபட்ட இன்னொரு வரலாற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டியல் சாதி மாணவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பதற்கான மத்திய கல்வி உதவித்தொகை 1944இலிருந்து வருவது. விழுப்புரத்தில் 2011 கணக்கின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் பட்டியல் சாதியினர் என்பதால், இது இங்கே ஆயிரக்கணக்கான வீடுகளைத் தொடும் விஷயம். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடியும்போது, அதன் கடைசி ஆண்டுச் செலவு முழுவதும் மாநிலத்தின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே ஒன்றிய அரசு தரும் என்பது அப்போதைய விதி. 2017இல் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது தமிழகத்தின் அந்தப் பொறுப்பு 353.55 கோடியிலிருந்து 1,526.46 கோடி ரூபாயாகத் தாவியது. அதே ஆண்டில், சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கான கட்டண உதவியை மாநில அரசு சுருக்கியது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பலர் கடனாளிகளாக நின்றார்கள்.

அதை எதிர்த்து மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் பேசின. மாநில அரசே பிரதமருக்குக் கடிதம் எழுதியது. 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை விதியை மாற்றி, செலவில் 60 விழுக்காட்டைத் தானே ஏற்பதாக முடிவெடுத்தது. குறைகள் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் நிதி மீண்டது. மீண்டதற்குக் காரணம், பாதிக்கப்பட்டவர்களுக்குச் சங்கம் இருந்தது, எழுதவும் பேசவும் ஆள் இருந்தார்கள். வயது வந்தோர் கல்வியில் பாதிக்கப்பட்டவருக்கு இல்லாதது அதுவே. தன் நிதியைக் குறைத்த ஆணையையே படிக்க முடியாத ஒருவரிடம், அதை எதிர்த்து மனு எழுதும்படி நாம் எதிர்பார்க்க முடியாது. இந்த மாணவர்களுக்காகப் பிறர் பேசியாக வேண்டும்.

மூன்று மறுப்புகள்

முதலாவது: அறிவொளி தன்னார்வலர்களால் நடந்ததே, இன்று ஏன் பணம்? அறிவொளிக் காலத்தில் மாவட்ட நிர்வாகமே அந்த வேலையில் இறங்கியிருந்தது. முழுநேர ஒருங்கிணைப்பாளர்கள் இருந்தார்கள். அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் தோள் கொடுத்தன. தன்னார்வம் தானாக நிற்கவில்லை, அதைத் தாங்க ஆளும் அமைப்பும் இருந்தன. தாங்குவதை எடுத்துவிட்டுத் தன்னார்வத்தை மட்டும் கேட்பது அறிவொளியின் பாடத்தைத் தலைகீழாகப் படிப்பது.

இரண்டாவது: இளையவர்கள் எல்லாரும் பள்ளிக்குப் போகிறார்கள், எழுத்தறிவில்லாத முதியவர்கள் காலப்போக்கில் குறைந்துவிடுவார்கள். வாய்விட்டு யாரும் சொல்லாத வாதம் இது. ஆனால் ஒதுக்கீடுகள் இதைத்தான் சொல்கின்றன. கற்கும் பாரதத்தில் 7.64 கோடிப் பேர் தேர்ச்சி பெற்ற பின்னும் நாட்டில் 18 கோடிக்கு மேற்பட்ட வயது வந்தோர் எழுத்தறிவற்றவர்கள் என்பது ஒன்றிய அரசின் சொந்த மதிப்பீடு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், இன்றைய நிலையைக் காட்ட 2011இன் எண்களைத் தவிர நம்மிடம் முழுமையான கணக்கு இல்லை. நாற்பது வயதில் எழுத்தறிவில்லாத ஒரு பெண் இன்னும் முப்பது ஆண்டுகளாவது வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போகப் போகிறவர். அவர் மறையும்வரை காத்திருப்பதைக் கொள்கை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது: தேர்ச்சி விகிதம் நன்றாகத்தானே இருக்கிறது? இன்றைய அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதிகளாக 150 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. பள்ளி வகுப்பறையில் பாட்டிகள் தேர்வு எழுதும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. அந்த மகிழ்ச்சியை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் தேர்வு நாளன்று படிக்கத் தெரிவதும் மூன்றாண்டு கழித்துப் படிக்கத் தெரிவதும் வேறுவேறு. நாம் அளப்பது முதலாவதை மட்டுமே.

தொடர்ச்சி என்ன தரும் என்பதற்குக் கேரளம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மாநில எழுத்தறிவு இயக்கம் எழுத்தறிவோடு நிற்காமல் நான்காம், ஏழாம், பத்தாம், மேல்நிலை வகுப்புகளுக்கான சமநிலைத் தேர்வுகளையும் நடத்துகிறது. 2018இல் 96 வயதில் 100க்கு 98 மதிப்பெண் பெற்ற கார்த்தியாயினி அம்மாவை நாடே கொண்டாடியது. அவர் எழுதியது ஏணியின் முதல் படிக்கான தேர்வு; அடுத்த படிகளும் அங்கே இருந்தன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் எழுத்தறிவுத் தேர்வில் தேறிய ஒருவருக்கு, தனித்தேர்வராக விண்ணப்பித்துத் தானே முட்டிமோதிப் படிப்பதுதான் அடுத்த வழி.

செய்யக்கூடியது

தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகள் இருந்தபோதைய கணக்கில் பார்ப்போம். ஊராட்சிக்கு ஒருவரை, மாதம் 10,000 ரூபாய் ஊதியத்தில், வயது வந்தோர் கல்விக்கென்றே அமர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 150 கோடி ரூபாய் ஆகும். 2025-26இல் பள்ளிக் கல்வித் துறைக்கு மாநில அரசு ஒதுக்கியது 46,767 கோடி. கேட்பது அதில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு சொச்சம். விழுப்புரம் மாவட்டத்தின் 688 ஊராட்சிகளுக்கு மட்டும் என்றால் எட்டேகால் கோடி. ஒன்றிய அரசின் அடுத்த திட்டம் 2027க்குப் பின் வருமா, என்ன பெயரில் வரும் என்று காத்திருக்காமல், எழுத்தறிவில் பின்தங்கிய மாவட்டங்களில் மாநில அரசே இதைத் தொடங்க முடியும்.

வகுப்பு நேரத்தை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். ஃபைபர் படகுகள் விடியலுக்கு முன் போகும் ஊரில், பெண்கள் சந்தையிலிருந்து பிற்பகலில் திரும்பும் ஊரில், சென்னையில் குறித்த கால அட்டவணை செல்லாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில் கூலிக்குப் போகும் ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் ஊரே கரையில் இருக்கிறது. ஊரோடு இருக்கும் ஒருவருக்குத்தான் இதையெல்லாம் பார்த்து வகுப்பை மாற்றியமைக்க முடியும். பாடமும் அவர்களுடைய தாள்களிலிருந்தே தொடங்கலாம்: குழுக் கடன் அட்டை, வானிலை எச்சரிக்கை, கடலரிப்பு மனுவுக்கு வந்த பதில்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவைப்படுவது சட்டம். பதினான்கு வயதோடு கல்வி உரிமை முடிந்துவிடுவதால்தான் அதற்கு மேற்பட்டோரின் கல்வி ஒவ்வொரு நிதியாண்டின் தயவிலும் நிற்கிறது. அடிப்படை எழுத்தறிவு பெறாத எந்த வயதினரும் தம் ஊராட்சியில் அதைக் கேட்டுப் பெறலாம், கேட்ட குறிப்பிட்ட நாட்களுக்குள் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றலாம். கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. சிறுவயதில் பள்ளி தராத சமூகத்திடம் அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி இது. பாக்கியைத் தீர்ப்பதற்கு முடிவுத் தேதி குறிக்கும் உரிமை, அதைத் தர வேண்டியவர்களுக்குக் கிடையாது.